நோன்பும் விருந்தும்: திருவண்ணாமலைப் பயண உணவின் வரலாறு

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களின் உணவுப் பழக்கத்தில் வயிற்றைக் காயப்போடுவதும் வயிறார உண்பதும் எப்போதும் சேர்ந்தே வந்திருக்கின்றன. கார்த்திகை தீபத்தன்று பகல் முழுவதும் பட்டினி கிடப்பவர்கள்தான் இரவில் அப்பம், அடை, பொரி உருண்டை என்று ஆசைதீர உண்கிறார்கள். மலையை வலம் வருகிறவர்கள் பாரமில்லாத வயிற்றோடு புறப்பட்டு, நடந்த பிறகே இலையில் உட்காருவது பழைய வழக்கம். வெளியூர் போனால் எதை உண்பது, எவ்வளவு உண்பது, எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு இந்த மலையைச் சுற்றிய ஊர்கள் பல நூற்றாண்டுகளாகப் பழக்கத்தாலேயே விடை சொல்லிவந்தன. அந்த ஒழுங்கு எப்படி உருவாயிற்று, எங்கே தளர்ந்தது என்பதை இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது.

மலைபடுகடாம் காட்டும் வழியுணவு

இந்த வட்டாரத்தில் பயணிகளின் உணவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்தி சங்க இலக்கியத்தில் இருக்கிறது. திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் நன்னன் சேய் நன்னன். அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழிசொல்லும் பாட்டு மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்றான இதைப் பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார்; அடிகள் 583. சேயாற்றையும், இன்று பர்வதமலை எனப்படும் நவிரமலையையும் அந்தப் பாட்டில் காணலாம்.

வழியில் எந்த நிலத்தில் எது கிடைக்கும் என்று புலவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். குறிஞ்சி நிலத்துக் குடிகளில் தினைச்சோறு, இறைச்சி, நெய், மூங்கில் குழாயில் விளைந்த கள். பலாக்கொட்டை மாவைப் புளியும் மோரும் கலந்த உலையிலிட்டு, மூங்கிலரிசியோடு சமைத்த உணவும் உண்டு. நடந்து களைத்தவர்களின் சோர்வு தீர, மூங்கிலரிசியும் மேட்டுநிலத்து நெல்லரிசியும் அவரை விதையும் சேர்த்த புளிங்கூழ் கிடைக்கும் என்கிறார். ஆயர் குடிகளில் பால். வயல் சூழ்ந்த ஊர்களில் மீனும் வெண்சோறும்.

இந்தப் பட்டியலில் கொழுப்பும் கள்ளும் உண்டு. புளிப்பும் மோரும் பயறும் உண்டு. பயணி உண்டது அந்தந்த நிலத்தில் விளைந்ததை. உண்டது மலையேறி இறங்கிய உடம்பு. மோரும் புளியும் வெயிலில் நடந்தவனுக்கு நீரையும் உப்பையும் மீட்டுத் தருபவை. அவரை விதை தசைகளுக்கு வேண்டிய புரதத்தைத் தருவது. இதையெல்லாம் ஊட்டச்சத்துக் கணக்காக யாரும் அன்று எழுதிவைக்கவில்லை. வழிநடையின் தேவையே சமையலைத் தீர்மானித்தது.

கோயிலும் மடைப்பள்ளியும்

7ஆம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் அண்ணாமலையைப் பாடினார்கள். மாணிக்கவாசகர் மார்கழி நோன்புக்குரிய திருவெம்பாவையை இங்கே பாடியதாக மரபு சொல்கிறது. சோழர் காலத்திலிருந்து கோயில் கல்வெட்டுகள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. விளக்கெரிக்க நெய், இறைவனுக்குத் திருவமுது, அதற்கான நெல்லும் நிலமும் என்று கொடைகள் பதிவாயின. சோழர் காலக் கல்வெட்டுகளின் மொழியில் சோறு திருவமுது, கறி கறியமுது, நெய் நெய்யமுது, வெற்றிலை பாக்கு அடைக்காயமுது. இறைவனுக்குப் படைத்தது பிறகு கோயில் பணியாளர்களுக்கும் அடியார்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

14ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் திருவண்ணாமலையைத் தன் தலைநகர்களில் ஒன்றாக்கிக்கொண்டான். 16ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் ஆயிரங்கால் மண்டபத்தையும் சிவகங்கைத் தீர்த்தத்தையும் அமைத்தார். அவர் தொடங்கிய 217 அடி உயர இராஜகோபுரத்தைத் தஞ்சை நாயக்கரான சேவப்பர் முடித்தார். அரசர்களின் கவனம் கூடக்கூட வெளியூரிலிருந்து வருகிறவர்களும் கூடினார்கள். சோறு போடும் ஏற்பாடுகளும் பெருகின.

கோயில் பிரசாதத்துக்கு ஓர் அளவு உண்டு. சர்க்கரைப் பொங்கலோ புளியோதரையோ தொன்னையிலும் இலைத் துண்டிலும் கைப்பிடி அளவே கிடைக்கும். நெய் ஒழுகும் இனிப்பு யாருக்கும் ஒரு வாய்க்கு மேல் வராது. வந்தவர் எல்லாருக்கும் அந்த ஒரு வாய் உண்டு. ஐப்பசிப் பௌர்ணமியில் லிங்கத் திருமேனியை வெண்சோற்றால் மூடும் அன்னாபிஷேகத்திலும், சாத்திய சோறு பின்னர் பலருக்கும் பகிரப்படுகிறது. சுவையை மறுக்காமல் அளவை மட்டும் குறுக்கும் முறை இது.

தீப நாளின் பசி

கார்த்திகையில் விளக்கேற்றும் வழக்கத்தை அகநானூறும் நற்றிணையும் குறிப்பிடுகின்றன. திருவண்ணாமலையில் அது பத்து நாள் திருவிழாவாக வளர்ந்தது. பத்தாம் நாள் விடியலில் கோயிலுக்குள் பரணி தீபம். மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம். செப்புக் கொப்பரையில் காடாத்துணித் திரியிட்டு, ஆயிரக்கணக்கான கிலோ நெய் வார்த்து எரிக்கப்படும் அந்தத் தீபம் 11 நாள் தெரியும்.

தீபம் பார்த்த பிறகே சாப்பாடு என்பது இந்தச் சீமையின் வழக்கம். மலைக்கு வர முடியாதவர்களும் சுற்றுப்பட்டு ஊர்களில் மொட்டை மாடியிலோ களத்து மேட்டிலோ நின்று, உச்சியில் சுடர் தெரிந்ததும் தம் வீட்டு வாசலில் அகல் ஏற்றி, அதன் பிறகு இலை போடுகிறார்கள். கொப்பரைக்கு நெய்க் காணிக்கை கொடுப்பவர்களில் பலர் அன்று காலையிலிருந்து எதுவும் உண்ணாதவர்கள். வீட்டிலேயே உயர்ந்த உணவுப் பொருளை மலைக்குக் கொடுத்துவிட்டுத் தாம் பசித்திருப்பது இந்த நோன்பின் உட்பொருள்.

நோன்பு திறக்கும் பண்டங்களில் முதன்மையானது பொரி உருண்டை. நெற்பொரியும் அவல்பொரியும் கார்த்திகைக்கே உரியவை. நெல்லைச் சூட்டில் பொரித்தெடுத்து, உமி ஒட்டியவற்றைக் கையால் பொறுக்கி நீக்குவார்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு வைக்கும்போது, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். அது கரையாமல் விரலில் உருண்டால் பதம் சரி. சுக்குப் பொடியும் ஏலக்காயும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து, பொரியைக் கொட்டிக் கிளறி, கையில் நெய் தடவிக்கொண்டு சூடு ஆறுமுன் உருட்ட வேண்டும். ஆறிவிட்டால் உருண்டை பிடிக்காது. பொரி எளிதில் செரிக்கும். வெல்லம் களைப்பை உடனே போக்கும். சுக்கு வெறும் வயிற்றுக்கு இதம். பகல் முழுவதும் காய்ந்த வயிற்றில் முதலில் விழ வேண்டியது இப்படிப்பட்ட உணவுதான். அதன் பிறகுதான் வெல்ல அடையும் உப்பு அடையும் அப்பமும். மார்கழித் திருவாதிரையில் மகாதீபக் கொப்பரையின் மை நடராசருக்குச் சாத்தப்படும்போது, வீடுகளில் களி வந்துவிடும்.

சத்திரமும் கட்டுச்சோறும்

இரயிலும் பேருந்தும் வருவதற்கு முன் திருவண்ணாமலைப் பயணம் பல நாள் நடை அல்லது மாட்டுவண்டிப் பயணம். தீபத் திருவிழாவோடு மாட்டுச் சந்தையும் கூடியதால், உழவர் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தன. வடஆற்காட்டு மானாவாரி நிலத்து உழவர்களின் அன்றாட உணவு கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும். நெல்லுச்சோறு திருவிழாவுக்கும் விருந்துக்கும் உரியது. அன்றாடம் எளிமையாக உண்டதால் திருவிழா உணவு விருந்தாக இருந்தது. அது ஆண்டில் சில நாட்களோடு முடிந்தும் போனது.

வழிக்கு எடுத்துப்போன கட்டுச்சோற்றில் புளியோதரைக்கு முதலிடம். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெயில் எண்ணெய் பிரியும் வரை கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய சோற்றில் கலந்து வாழையிலையில் கட்டினால் இரண்டு நாள் கெடாது. புளியின் அமிலமும் எண்ணெயும் கிருமிகள் வளர விடாமல் தடுக்கின்றன. தயிர்ச்சோற்றுக்கு வேறொரு நுட்பம். குழைய வடித்த சோற்றில் பாலை நிறையவும் தயிரைக் கொஞ்சமாகவும் விட்டுப் பிசைந்து கட்டுவார்கள். நடுப்பகலில் அவிழ்க்கும்போது அது அப்போதுதான் உறைந்து, புளிக்காமல் இருக்கும். இரண்டும் ருசியானவை, இரண்டும் வயிற்றைக் கெடுக்காதவை. வழியில் நோய் வராமலிருப்பதே பயண உணவின் முதல் தகுதி என்பதை அன்றைய சமையல் அறிந்திருந்தது.

ஊர் வந்து சேர்ந்தவர்களுக்குச் சத்திரங்களும் மடங்களும் இருந்தன. சிலவற்றில் சமைத்த சோறு கிடைத்தது. சிலவற்றில் அரிசியும் பருப்பும் விறகும் வாங்கித் தாமே பொங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில்களோடு சத்திரங்களின் அறக்கொடைகளையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. அறச்சோறு அரசு கவனிக்க வேண்டிய பொதுக் காரியமாக இருந்ததற்கு அது சான்று. ஆனால் அந்த அறத்துக்குள் சாதி வேலி இருந்தது. பல சத்திரங்கள் ஒவ்வொரு சாதியாருக்கென்று கட்டப்பட்டன. தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பந்தியிலும் கோயிலிலும் இடமில்லை. 1947ஆம் ஆண்டின் சென்னை ஆலயப் பிரவேசச் சட்டம்தான் கோயிலுக்குள் நுழைவதை அவர்களுக்குச் சட்டப்படியான உரிமையாக்கியது. எல்லாருக்கும் சோறு என்ற சொல் முழு உண்மையாவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. தென்னாற்காட்டு மண்ணில் 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு, சாதி பாராமல் பசியை மட்டும் பார்த்து இன்றும் எரிகிறது.

1896: ஒரு பயணியும் ஒரு பட்சணப் பொட்டலமும்

திருவண்ணாமலைப் பயணங்களில் உணவுச் செய்திகள் நுணுக்கமாகப் பதிவான ஒன்று, பின்னாளில் ரமண மகரிஷி எனப்பட்ட வேங்கடராமனுடையது. பதினாறு வயதுப் பையன் 1896 ஆகஸ்டு 29 அன்று மூன்று ரூபாயோடு மதுரையிலிருந்து கிளம்பினான். திருச்சியில் வாங்கிய பேரிக்காயை ஒரு வாய் கடித்ததற்கு மேல் உண்ண முடியவில்லை. வழியில் கீழூர்க் கோயிலில் மேளக்காரர் ஒருவர் தம் பங்குப் பிரசாதச் சோற்றைக் கொடுத்தார். தண்ணீர் தேடிப் போன இடத்தில் மயங்கி விழ, சிதறிய சோற்றை எழுந்து பொறுக்கி உண்டான் அந்தப் பையன்.

மறுநாள் கோகுலாஷ்டமி. அவ்வூரில் முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் வயிறார உணவு கிடைத்தது. காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாயும் கிடைத்தது. புறப்படும்போது அந்த வீட்டு அம்மாள் கண்ணனுக்குச் செய்த பட்சணங்களைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து அண்ணாமலையாரை வணங்கியவர், அந்தப் பொட்டலத்தை ஐயங்குளத்தில் எறிந்துவிட்டார். பசித்தபோது கிடைத்ததை மகிழ்ந்து உண்டவர், பசியில்லாதபோது தின்பண்டத்தைச் சுமக்கவில்லை.

ரமணர் மலைக்குகைகளில் இருந்த ஆண்டுகளில் அடியார்கள் ஊருக்குள் பிச்சை எடுத்து வந்ததை ஒன்றாகக் கலந்து பகிர்ந்து உண்டார்கள். அவர்கள் வீதியில் பாடிப்போகவே ரமணரின் அட்சரமணமாலை பிறந்தது. எச்சம்மாள், முதலியார் பாட்டி போன்ற பெண்கள் பல ஆண்டுகள் நாள் தவறாமல் உணவு சுமந்து மலையேறினார்கள். 1916இல் தாய் அழகம்மாள் வந்து தங்கிய பிறகுதான் அங்கே முறையான சமையல் தொடங்கிற்று. அப்பளம் இடத் துணைக்கு அழைத்த தாய்க்கு மகன் பாடித் தந்தது அப்பளப் பாட்டு. மாவு, உளுந்து, பிரண்டை எல்லாம் அதில் ஞானத்துக்குரிய பொருள்களாகின்றன.

மலையடிவாரத்தில் ஆசிரமம் உருவான பிறகு, ரமணர் விடியற்காலையில் எழுந்து காய் நறுக்கினார், அரைத்தார், சமையலில் இருந்த பெண்களுக்குப் பக்குவம் சொன்னார். சிந்திய கடுகையும் பொறுக்கி எடுக்கச் சொன்னார். காய்த்தோல் மாட்டுக்குப் போனது. முந்தின நாள் சாம்பாரைச் சூடாக்கிக் காலை இட்லிக்கு வைத்தார். எல்லாருக்கும் கிடைக்காத பண்டம் தமக்கு மட்டும் வந்தால் ஏற்கவில்லை. நான் யார் என்ற அவருடைய சிறு நூல், நியமங்களுக்குள் சிறந்ததாக அளவான சாத்துவிக உணவைச் சொல்கிறது.

அதே ஆசிரமத்தில் விருந்துகளும் நடந்தன. ஒரு விருந்து நாளில் அளவுக்கு மிஞ்சி உண்டு எல்லாரும் திணறிக்கொண்டிருந்தபோது, வயிற்றைக் கடிந்து ஔவையார் பாடிய நல்வழிப் பாட்டை ஒருவர் நினைவுபடுத்தினார். ஒரு வேளையும் விடாமல் சோறு கேட்கிறாயே என்று வயிற்றின்மேல் குறை சொல்லும் பாட்டு அது. உடனே ரமணர் வயிறே பேசுவதாக ஒரு மாற்றுப் பாட்டு இயற்றினார். ஒரு நாழிகையும் ஓய்வு தராமல் தின்றுகொண்டே இருக்கிறாய், என் துன்பம் உனக்குத் தெரியவில்லை என்று வயிறு மனிதனிடம் முறையிடுகிறது. குற்றம் வயிற்றில் இல்லை, ஆசையில் இருக்கிறது என்ற இந்தத் தீர்ப்பு விடுமுறைப் பயணம் போகும் எவருக்கும் இன்றும் பொருந்தும்.

கிரிவலத்தின் மாற்றம்

மலையை வலம்வரும் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் அதில் உள்ளன. நிறைமாத அரசி நடப்பதுபோல் மெல்ல நடக்க வேண்டும் என்பது பழைய விதி. ரமணரும் அடியார்களும் வழியில் தங்கி, சமைத்து உண்டு, சில வேளை ஓரிரு நாள் எடுத்துக்கொண்டு வலம்வந்தார்கள். அன்று அது காட்டுப்பாதை. துணையாக வந்தது குளத்து நீரும் மர நிழலும்.

1990களிலிருந்து பௌர்ணமி இரவுகளில் கூட்டம் இலட்சக்கணக்கில் பெருகிற்று. பாதை தார்ச்சாலை ஆயிற்று. ஓரமெங்கும் கடைகள் வந்தன. அவித்த வேர்க்கடலை, சுண்டல், மிளகாய்ப் பொடி தூவிய வெள்ளரி, நீர்மோர், சுக்குக் காபி, கேழ்வரகுக் கூழ் ஆகியவை ஒரு புறம். பஜ்ஜி, போண்டா, சர்க்கரை மிகுந்த தேநீர், குளிர்பானம், பொட்டலத் தின்பண்டங்கள் மறு புறம். முதல் வகை நடப்பவரின் தேவையிலிருந்து வந்தது. இரண்டாம் வகை எந்தச் சுற்றுலா ஊரிலும் கிடைப்பது. நடை ஒருவருக்கு ஏறத்தாழ 600 முதல் 700 கலோரி வரை செலவாக்கும். இரண்டு பஜ்ஜித் தட்டும் ஒரு குளிர்பானமும் அதை எளிதில் ஈடுகட்டிவிடும்.

அன்னதானமும் வடிவம் மாறிற்று. தமிழக அரசு 2002இல் கோயில்களில் அன்னதானத் திட்டத்தைத் தொடங்கியது. அண்ணாமலையார் கோயிலில் அது நாள் முழுவதும் நடைபெறும் ஏற்பாடாக விரிந்தது. தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் தனியாரும் அமைப்புகளும் சாதம், இட்லி, மோர் என்று வழங்குகிறார்கள். தீபத் திருவிழாவில் அன்னதானம் செய்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் பதிவு செய்து, ஒதுக்கிய இடங்களில் மட்டுமே வழங்க வேண்டும் என்ற விதி வந்துள்ளது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படும் நெகிழிக்கு மாநிலத்தில் தடை வந்ததால், பாக்கு மட்டைத் தட்டும் மந்தாரை இலையும் திரும்பியிருக்கின்றன. நடைபயணிக்கு ஊரார் சோறிடும் இந்த வழக்கம் உலகில் வேறு இடங்களிலும் உண்டு. ஜப்பானின் சிக்கோக்கு தீவில் 88 கோயில்களைச் சுற்றி வருபவர்களுக்கு ஊர்மக்கள் உணவும் பழமும் கொடுக்கும் ஒசெத்தாய் அவற்றில் ஒன்று.

வழியெங்கும் சோறு கிடைப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. பசியோடு இருப்பவருக்குப் போக வேண்டிய உணவை, பசியில்லாதவர் பிரசாதம் என்று நாலைந்து இடங்களில் வாங்கி, பாதி தின்று ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறார். சிந்திய கடுகைப் பொறுக்கச் சொன்ன ஊரில் இது நடக்கக் கூடாது.

இன்றைய நிலை

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. இவர்களில் பலர் யாத்திரையும் போகிறார்கள். முழுப் பட்டினியும் திடீர் விருந்தும் இரண்டுமே இவர்களுக்கு ஆபத்தானவை. இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நோன்பிருக்கக் கூடாது. நோயாளிகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், குழந்தைகள் ஆகியோருக்குக் கஞ்சியும் பாலும் பழமும் அனுமதித்துத்தான் மரபும் நோன்பை வகுத்திருக்கிறது. அதைக் கேட்டு நடப்பதில் பக்திக் குறைவு ஒன்றுமில்லை.

திருவண்ணாமலையின் பழைய பழக்கம் இனிப்பையும் நெய்யையும் என்றும் விலக்கவில்லை. பசித்த பிறகு உண்பது, நடந்த பிறகு உண்பது, எளிதில் செரிப்பதை முதலில் உண்பது, கிடைத்ததைப் பகிர்ந்து அளவோடு உண்பது என்ற வரிசையைத்தான் அது காத்தது. நோன்பையும் நடையையும் விட்டுவிட்டு விருந்தை மட்டும் வைத்துக்கொண்டால், அது மரபும் ஆகாது, உடம்புக்கும் ஆகாது. மலைக்கு வருகிறவர்கள் பொரி உருண்டையை ஆசையோடு உண்ணலாம். ஒரு பகல் பசித்திருந்து, பதினான்கு கிலோமீட்டர் நடந்து, பக்கத்தில் இருப்பவருக்கும் ஒன்று கொடுத்துவிட்டு உண்ண வேண்டும்.